அப்பாவுக்குக் கொடி

கொடி வரவில்லை. மூன்று மணிக்கு எடுப்பதாக ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, மூன்றும் தாண்டியாயிற்று. மாலை வந்துவிட்டது, உதிரிப்பூ வந்துவிட்டது, வண்டி வந்து தெருவில் நிற்கிறது, அழ வேண்டியவர்கள் அழுது முடித்துக் காப்பியும் குடித்துவிட்டார்கள். கொடி மட்டும் வரவில்லை. அறவாழி பந்தலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிழல் நகர நகர நாற்காலியையும் இழுத்துக்கொண்டார். உள்ளே ஐஸ்பெட்டியின் மோட்டார் உறுமுவது இங்கே வரைக்கும் கேட்டது. மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் போட வேண்டியதை மூன்றில் போட்டு ஏற்றுகிற சத்தம். ஆயுசு முழுக்க அரசு பஸ் ஓட்டிய காதுக்கு அது சும்மா கேட்குமா. எவனோ கவனிக்காமல் விட்ட மோட்டார். அதற்குள்ளே அப்பா. அப்பாவுக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டுதான் டீக்கடைக்கே போவார். அந்தத் துண்டை எடுத்துக் காதில் கட்டலாமா என்று காலையில் ஒரு யோசனை வந்தது, சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தொண்ணூறு வயதுக்கு மேல் ஒரு மனுஷன் பிள்ளையிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கொடி போர்த்தித்தான்டா என்னை எடுக்கணும்." சரிப்பா என்று இவர் சொன்னார். "நீ போர்த்தக் கூடாது. குடும்பம் போர்த்தினா அது துணி. கட்சி வந்து போர்த்தினாத்தான் கொடி." சரிப்பா, சரிப்பா. அன்றைக்குப் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார், இவர் பேப்பர் படித்துக்கொண்டே சரி சொன்னார். அந்தச் சரிக்கு இத்தனை கனம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். கட்சியில் உறுப்பினர் யார் செத்தாலும் கொடியோடு போய் நின்றவர் அப்பா கலியமூர்த்தி. ரிக்‌ஷா ஓட்டியவன், பீடி சுற்றியவள், சந்தையில் மூட்டை தூக்கியவன், பேதம் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டுக் கிளம்புவார். நாலு முனையையும் இழுத்துவிட்டு, சுருக்கம் எடுத்து, சின்னம் நெஞ்சுக்கு நேரே வருகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார், கல்யாணப் பந்தலில் தோரணம் கட்டுகிறவன் பார்க்கிற மாதிரி. அப்புறம்தான் எடுங்கள் என்பார். அப்படிப்பட்ட ஆள் இப்போது வெறும் வெள்ளைத்துணியில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

வட்டச் செயலாளர் தினகர் மட்டும் வந்திருந்தான். இந்தக் கட்சியில் யாருக்கும் பெயர் கிடையாது. மாவட்டச் செயலாளர் என்றால் மாவட்டம், நகரச் செயலாளர் என்றால் நகரம், இவன் வட்டம். மாவட்டம் சாப்பிட்டாரா, நகரத்துக்கு இடுப்புவலி, வட்டம் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் பேசுவார்கள். மண்ணையெல்லாம் ஆள் ஆளுக்குப் பிரித்துப் பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரைக்கும் கலியமூர்த்தி என்றுதான் பெயர். தினகர் காதில் போனை வைத்துக்கொண்டு பந்தலுக்கும் தெருவுக்குமாக நடந்தான். "நகரம் கிளம்பிட்டாருண்ணே. கல்யாணத்துல இருக்காரு. அமைச்சர் தாலி எடுத்துக் குடுத்ததும் நேரா இங்கதான்." கிளம்பிட்டார். இந்த வார்த்தையை அறவாழிக்குத் தெரியாதா. டிப்போவில் போனை எடுத்து வண்டி கிளம்பியாச்சு என்று சொல்லுகிறபோது டிரைவர் குளித்துக்கொண்டிருப்பான். தானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "அமைச்சரு தாலி எடுத்துக் குடுக்கணும்னா பொண்ணு கழுத்தை நீட்டிக்கிட்டு நாளைக்கு வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்" என்றார். தினகர் சிரித்தான். சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று உடனே முகத்தை மாற்றிக்கொண்டான். கெட்ட பையன் இல்லை. கட்சிப் பதவிக்கு வந்தால் வெள்ளைச் சட்டை வாங்க வேண்டும் என்று வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். நீயே போர்த்திவிடேன்டா, நீயும் கட்சிதானே என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தாயிற்று. "ஐயோ நான் எப்படிண்ணே, நகரம் வராம நான் கை வச்சா என் கதை முடிஞ்சுதுண்ணே." கொடியே அவனிடம் இல்லையாம். கொடியெல்லாம் நகரத்தின் ஆபீசில் பூட்டியிருக்கிறதாம். பூட்டி வைக்கிற பொருளா அது. அப்பா அதைப் பெட்டிக்குள் எங்கே வைத்தார். கையில் வைத்திருந்தார். எந்நேரமும் எவனாவது செத்துப்போவான் என்கிற மாதிரி கையிலேயே வைத்திருந்தார்.

வெயில் சுவரில் ஒரு கை உயரம் இறங்கியிருந்தது. அமைச்சர் வருகிறார் என்றால் இந்நேரம் மெயின்ரோட்டில் எல்லா வண்டியையும் ஓரங்கட்டியிருப்பான். அறவாழிக்கு அந்த ஓரங்கட்டல் தெரியும். போலீஸ்காரன் கையைக் குறுக்கே நீட்டுவான், எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உள்ளே குழந்தைகள் அழும். எவனாவது டிரைவரைத் திட்டுவான், அமைச்சரைத் திட்ட முடியாதே. பத்துக் காரும் இருபது காரும் சர்ரென்று போகும். ஒவ்வொரு தடவையும் அறவாழி அந்தக் கார்களில் ஒன்றுக்குள் அப்பாவை உட்கார வைப்பார். வேறு வேலை என்ன, சும்மா இருக்கிற நேரம். முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் துண்டு படபடக்க. அப்பாவின் கார் இந்தப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். "ஏம்ப்பா பஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கே? அதுல பிள்ளத்தாச்சி இருப்பா, பரீட்சைக்குப் போறவன் இருப்பான். எனக்கென்ன அவசரம், நான் போய் வெட்டி முறிக்கப் போறேனா? முதல்ல பஸ்ஸை விடு." போலீஸ்காரன் விறைத்துச் சல்யூட் அடிப்பான். பஸ் போகும். டிரைவர் யார் என்று அப்பா பார்க்கமாட்டார், பிள்ளை என்று தெரியாது, தெரியாமலே விடுவார். அதுதான் அழகு. தெரிந்துகொண்டு வழி விட்டால் அதுவும் மற்றவன் செய்கிறதுதானே. இப்படி எத்தனை வருஷம், எத்தனை ரோடு. திண்டிவனம் ரோட்டில் ஒரு தடவை இந்தக் கற்பனையில் ஆழ்ந்து, வழி விட்ட பிறகும் வண்டியை எடுக்காமல் இருந்தபோது, பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டினான். எந்த அமைச்சரும் எந்தக் காலத்திலும் பஸ்ஸை விடச் சொல்லவில்லை. ஒரே ஒருவர் செய்திருந்தால்கூடப் போதும், இந்த வயதில் அதைச் சொல்லிக்கொண்டு காலம் தள்ளலாம். ஒருவர்கூட இல்லை.

இந்தக் கற்பனை இவர் பெயரிலேயே ஆரம்பம். மேடையில் வைத்த பெயர். பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா பொதுக்கூட்டத்துக்குப் போய், தலைவர் கையில் கொடுத்து, மைக்கில் அறவாழி என்று சொல்ல வைத்து வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குழந்தைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்பதையும் சேர்த்துச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பெயரைக் கோணலாக்கிக் கூப்பிட்டார்கள். எங்கப்பா எம்.எல்.ஏ. ஆவாருடா, அப்போ பாருங்கடா என்று இவர் சொன்னார். எப்படா ஆவாரு? அடுத்த எலெக்ஷன்ல. அடுத்த எலெக்ஷன் வந்தது, போயிற்று, அப்பா யாருக்கோ சுவரில் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்துகொண்டிருந்தார். அடுத்ததில் யாருக்கோ பூத் ஏஜெண்டாக உட்கார்ந்து மத்தியானம் வெயிலில் மயங்கி விழுந்தார். இருந்தாலும் இவர் விடவில்லை. பாயில் படுத்துக்கொண்டு அந்தக் காரை வரவழைப்பார். வெள்ளைக் கார், வீட்டு வாசலில் வந்து நிற்கும், தெருவே வெளியே வரும். கதவு திறக்கும். முதலில் கால் தெரியும். அப்பா கால்தான், பித்தவெடிப்பு, ரப்பர் செருப்பு. அப்புறம் வேட்டி, அப்பா வேட்டிதான், ஓரத்தில் அம்மா தைத்த தையல். அப்புறம் கை. அதற்கப்புறம் முகம் வர வேண்டும், வரும், வந்தால் அது அப்பா முகமாக இருக்காது. வேறு யாரோ. அப்போதைய மாவட்டம், அல்லது போஸ்டரில் சிரிக்கிற எவனோ. திரும்பக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்ப்பார். கால் அப்பா, வேட்டி அப்பா, முகம் வேறு. இன்றைக்குவரைக்கும் அது அங்கேயே இடிக்கிறது. இப்போதுகூட, இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை கண்ணை மூடிப் பார்த்தார். கதவு, கால், வேட்டி. சட்டென்று பயம் வந்தது. அப்பா முகம் எப்படி இருக்கும்? எழுந்து உள்ளே போய்ப் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீர் பூத்திருந்தது. துண்டால் துடைத்தார். இருந்தது முகம், வாய் லேசாகத் திறந்து, எதையோ கேட்கப்போகிற மாதிரி. மறுபடியும் நீர் பூத்தது. மறுபடியும் துடைத்தார். தங்கை மணிமொழி கையைப் பிடித்தாள். "அண்ணே, போதும் வா. எத்தனை தடவை துடைப்பே." வெளியே வந்து உட்கார்ந்தார்.

ஒரே ஒரு தடவை கிட்டத்தில் வந்தது. எம்.எல்.ஏ. சீட்டுக்கு நேர்காணல் என்று மெட்ராசிலிருந்து தந்தி. அறவாழி அப்போது டிரைவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம், லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். அப்பாவுக்குப் புதுச் சட்டை. அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு இவர் பாரிமுனைப் பக்கம் ஓடிப்போய் ரோஜா மாலை ஒன்று வாங்கி, வாழையிலையில் சுற்றி, கட்சி ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றார். சீட்டு கிடைக்கும் முன்னால் எவனாவது மாலை வாங்குவானா? இவர் வாங்கினார். அப்பா வெளியே வந்தார். "கெளம்புடா." பஸ் ஏறி, தாம்பரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "எவ்வளவு செலவு பண்ணுவீங்கன்னு கேட்டாங்கடா. எதுக்குங்க செலவு, ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியுமேன்னேன். உள்ள இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்தக் கதையை டீக்கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் இவர் மடியில் வைத்திருந்தார். அதை வாங்கி டிரைவரிடம் கொடுத்து வண்டிக்குப் போடச் சொன்னார் அப்பா. கண்ணாடிக்கு முன்னால் ரோஜா மாலை ஆட ஆட, எம்.எல்.ஏ. ஆக வேண்டியவர் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு ஊர் வந்தார். அன்றைக்கு ஏதோ ஒரு தொகையை வாய்க்கு வந்தபடி சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பொய்தானே, எல்லாரும் சொல்கிற பொய். சொல்லி, சீட்டு வாங்கி, ஜெயித்து, அதற்கப்புறம் நேர்மையாக இருந்திருக்கலாமே. இருந்திருப்பாரா? ஒரு பொய்யில் ஏறியவர் எந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பார்? இந்தக் கேள்வியை எத்தனையோ ட்ரிப் ஓட்டியாயிற்று. திரும்பத் திரும்ப அதே ரோடு, அதே பள்ளம்.

"சார்." வண்டிக்காரன் வந்து நின்றான். சொர்க்க ரதம் என்று நெற்றியில் எழுதின வண்டி. "எரிமேடையில இருட்டினா வாங்கமாட்டாங்க சார். எனக்கும் இன்னொரு சவாரி இருக்கு." "சவாரியா?" என்றார் அறவாழி. "பழக்கத்துல வந்துடுச்சு சார்." "நானும் டிரைவர்தான்யா. எனக்குத் தெரியாதா. வெயிட்டிங் போட்டுக்க." "வெயிட்டிங்குக்கு இல்ல சார். அந்த வீட்லயும் பாவம் உட்கார்ந்திருப்பாங்கல்ல." நியாயமான பேச்சு. இவருக்கு நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் இன்றைக்குக் கோபம் வந்தது. கால் கட்டைவிரலில் ஈ உட்கார்ந்தது. விரட்டினார். மறுபடி உட்கார்ந்தது. "தினகரு, இங்க வாடா." அவன் வந்தான். "நிசத்தைச் சொல்லு. வருவானா மாட்டானா?" தினகர் தெருவைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "பெரியவரு அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்க வேணாம்ணே." "என்னிக்கு?" "போன மாசம் செயல்வீரர் கூட்டத்துலண்ணே. நகரம் மேடையில பேசிட்டிருக்காரு. பெரியவரு கீழ எழுந்து நின்னுட்டாரு. ஏரியில மண்ணு கொட்டுறது யாருன்னு கேட்டாரு." "ம்." "நகரத்தோட மச்சான்தான் கொட்டுறாருன்னு ஊருக்கே தெரியும்ணே. அதை எதுக்குக் கூட்டத்துல கேட்கணும்? மைக்கை அணைச்சுட்டாங்க. பெரியவருக்கு மைக்கு எதுக்கு, கீழ நின்னுதானே கேட்டாரு, மறுபடி கேட்டாரு. நாலு பேரு கையைப் பிடிச்சு வெளியில கூட்டிட்டு வந்தாங்க." தினகர் குரல் இறங்கிப்போயிற்று. "அதுல நானும் ஒருத்தன்ணே. மெதுவாத்தான் பிடிச்சேன்."

மெதுவாகத்தான் பிடித்தானாம். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்? செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார், கூட்டம் நல்லா இருந்துச்சா மாமா என்று இவர் மனைவி தனபாக்கியம் கேட்டதற்கு, நல்ல கூட்டம்மா என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். கையில் எங்காவது கன்றியிருந்ததா? பார்க்கவில்லை. வயதானவர் கையை யார் பார்க்கிறார்கள். அப்படியானால் இவர்கள் வரப்போவதில்லை. தாலியும் இல்லை, அமைச்சரும் இல்லை. வராமல் இருப்பதுதான் விஷயம். கொடி இல்லாமல் கிடக்கட்டும், தெருவே பார்க்கட்டும், இனி எவனும் எழுந்து நின்று கேட்க மாட்டான். காலையிலிருந்து ஒரு செத்த மனுஷனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் நாற்காலியை நிழலுக்கு நிழல் நகர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுத்துவிடலாமா? எடுத்துவிடலாம். கொடி கிடக்கிறது, துணிதானே. துணி இல்லை, அப்பாவுக்கு அது துணி இல்லை. சரி என்று சொல்லியிருக்கிறார். இந்த ஆளுக்கு ஆயுசில் எதுவும் கிடைக்கவில்லை, கடைசியாக ஒரு முழத் துணியை ஒருத்தன் கையால் வாங்கிக்கொள்ளக்கூட முடியவில்லை என்றால் எதற்கு அந்தச் சுண்ணாம்பு, எதற்கு அந்த வெயில், எதற்குக் காய்ச்சல்காரக் குழந்தையை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனது. வண்டிக்காரன் பார்க்கிறான் என்று இருமினார். ஏதாவது நினைக்க வேண்டும் என்று அந்தப் பழைய கற்பனையையே இழுத்தார். சட்டசபை. அப்பா எழுந்திருக்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பேசுப்பா. நல்லாட்சி, சாலை, தண்ணீர், ஏதாவது சொல்லுப்பா. அப்பா எதையும் சொல்லமாட்டேன் என்கிறார். அங்கேயும் நின்றுகொண்டு கேட்கிறார். ஏரியில மண்ணு கொட்டுறது யாரு? கேட்கத்தான் தெரியும் அவருக்கு. கேட்கிறவனை எவன் நாற்காலியில் உட்கார வைப்பான்? எழுபதை நெருங்குகிற வயதில், அப்பா செத்த அன்றைக்கு, அறவாழிக்குக் கணக்காகப் புரிந்துவிட்டது: அந்தக் கார் வந்திருக்கவே வந்திருக்காது. எந்த எலெக்ஷனிலும் வந்திருக்காது. இவர் அப்பாவை உட்கார வைத்த சீட்டு எப்போதும் காலிதான். எழுந்தார். "மணி, எடுத்துடலாம்" என்றார். மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். "கொடி?" "இல்ல." அவள் ஓவென்று குரல் எடுத்தாள். காலையில் அப்பா செத்ததற்கு அப்படி அழவில்லை அவள்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் தெருமுனையில் கூச்சல் கேட்டது. தினகர்தான் கத்தினான். "யக்கா! யக்கா, என்னக்கா பண்றீங்க! எங்க கொடிக்கா அது!" கோடித் தெருவில் கட்சிக் கம்பம் ஒன்று உண்டு, அப்பா நட்டது. அதன் கயிற்றை அவிழ்த்து, கொடியை இறக்கி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் முட்டிவலியோடு சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தார். கட்டியிருந்த சேலையில் எதிர்க்கட்சிக் கரை. சந்தனமேரி. பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கின முதல் தடவையில் எதிர்க்கட்சி சார்பில் நின்று ஜெயித்த கவுன்சிலர். அவரைத் தோற்கடிக்க அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார், அப்படியும் அந்த அம்மாள்தான் ஜெயித்தார். தினகர் பின்னாலேயே ஓடி வந்தான். "கேஸாயிடும்க்கா! கலவரமாயிடும்!" "போட்டுக்கடா கேஸு. இந்தக் கம்பத்தை உன் நகரமா நட்டான்? அண்ணன் தோண்டின குழி. நான் கவுன்சிலரா இருக்கறப்ப பெர்மிஷன் இல்லாம நட்டாரு, பிடுங்கச் சொல்லி நான்தான் நோட்டீசு குடுத்தேன். பிடுங்கினாரா மனுஷன்?" பந்தலுக்குள் வந்ததும் குரல் தாழ்ந்தது. "அறவாழித் தம்பி, பெட்டியைத் திறக்கச் சொல்லு." அறவாழி நகரவில்லை. "கட்சிக்காரங்கதான் போர்த்தணும்னு சொல்லியிருக்காருக்கா." "நானும் கட்சிக்காரிதான். எந்தக் கட்சின்னு சொன்னாரா?" அறவாழி யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். குளிர் புகையாக வெளியே வந்தது. அப்பாவைப் பாடையில் கிடத்தினார்கள். சந்தனமேரி கொடியை உதறினார். வெயிலிலும் மழையிலும் கிடந்து ஓரம் நைந்த கொடி. பிரித்துப் பிடித்துக்கொண்டு முழித்தார். "இதுல எதுடா மேல் பக்கம்? எனக்கென்ன தெரியும், ஆயுசுல உங்க கொடியை நான் ஏத்தினேனா? சொல்லித் தொலைடா வட்டம்." தினகர் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தான். "கயிறு கட்டுற பக்கம் தலைக்குக்கா" என்றான் மெதுவாக. போர்த்தினார். நாலு முனையையும் இழுத்துவிட்டார். குனிந்தவர் நிமிர முடியாமல் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே பேசினார், அப்பாவிடம் பேசுகிறாரா இவரிடம் பேசுகிறாரா என்று தெரியவில்லை. "ஜெயிச்ச மறுநாள் வாசல்ல வந்து நின்னாரு. கவுன்சிலரைப் பார்க்கணும்னாரு. நான்தான் எல்லாம் பார்க்கிறேன், எங்கிட்ட சொல்லுங்கன்னு எங்க வீட்டுக்காரர் முன்னால போனாரு. ஓட்டுச்சீட்டுல உன் பேரு இல்லையேப்பா, மேரியைக் கூப்பிடுன்னாரு அண்ணன். அடுப்படியில இருந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு வெளியில வந்தவதான் தம்பி நான். அதுக்கப்புறம் தினம் காலையில வந்து நிப்பாரு. குழாய்ல ஏன் தண்ணி வரல, விளக்கு ஏன் எரியல, நேத்து கான்ட்ராக்டர் உன் வீட்டுக்கு எதுக்கு வந்தான். சாகடிச்சாரு. அந்தக் கான்ட்ராக்டர் ஒரு நாள் பையை வச்சிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. விடிஞ்சா இந்த மனுஷன் வந்து நிப்பாரே, கேட்பாரே, மூஞ்சியைப் பார்த்து என்ன சொல்றது? அவரு வர்றதுக்கு முன்னால கொண்டுபோய் அவன் வாசல்ல வீசிட்டு வந்தேன். இவருக்குப் பயந்துதான் தம்பி நான் நல்லவளா இருந்தேன்." மூக்கைச் சிந்தினார். "எடுங்க. நேரமாகுது" என்றார்.

எடுத்தார்கள். மணிமொழி வாசல் வரைக்கும் வந்து நின்றாள். அழுகை நின்றிருந்தது. அறவாழி முன்னால் பிடித்திருந்தார். தோளில் மூங்கில் அழுத்தியது, அப்பா கனமே இல்லை, அந்தக் கனமில்லாததுதான் தாங்க முடியவில்லை. வண்டியில் ஏற்றும்போது தினகரின் போன் அடித்தது. எடுத்தவன் முகம் செத்துப்போயிற்று. "ஆமாண்ணே... எடுத்தாச்சுண்ணே... இல்லண்ணே, கொடி போட்டுத்தாண்ணே... நான் இல்லண்ணே, சத்தியமா நான் கை வைக்கலண்ணே..." அந்தப் பக்கம் கத்துவது வண்டிக்காரனுக்கே கேட்டது. எவன்டா போர்த்தினது, யார் தைரியத்துல போர்த்தினது, பேரைச் சொல்லுடா. தினகர் வாயைத் திறந்து திறந்து மூடினான். அறவாழி கையை நீட்டிப் போனை வாங்கினார். நகரத்திடம் கேட்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தார், ஏரியிலிருந்து ஆரம்பித்து. தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் ஊர்ப்பெயரைச் சொல்லுகிற மாதிரி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சந்தனமேரி."